அக்கரைச் சுங்கமும் இக்கரை இறாலும்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. காலை நேரம். டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் செய்தித்தாளை உரக்கப் படிக்கிறார். மற்றவர்கள் கேட்கிறார்கள். அது 2025ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதக் கடைசி.

“இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா நூற்றுக்கு ஐம்பது வரி போட்டிருக்காம்” என்றார் பெரியவர்.

“போடட்டுமே அண்ணாச்சி. அவன் நாட்டு வரி. அவன் நாட்டுக்காரன் கட்டுவான். நமக்கு என்ன?” என்றார் சுமை இறக்கும் தம்பி ஒருவர்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு அக்கா இருந்தார். கொல்லம் பக்கம் பீலிங் ஷெட்டில் இறால் உரிக்கும் வேலை அவருக்கு. மகள் வீட்டுக்கு வந்தவர்.

“நமக்கு என்னவா? எங்க ஷெட்டுல ஒரு வாரமா லோடு வரல தம்பி. ஏன்னு கேட்டா, இந்த வரியைத்தான் சொல்லுதாங்க” என்றார்.

தம்பி சொன்னது சரி. அந்த வரியை அங்கே உள்ளவர்தான் கட்டுகிறார். அக்கா சொன்னதும் சரி. அங்கே கட்டிய வரி இங்கே அவருடைய கூலியைத் தொட்டது. இரண்டும் எப்படிச் சரியாகும்? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

பழைய சொல், பழைய சாவடி

ஒரு நாட்டின் எல்லையைத் தாண்டி வரும் சரக்குக்கு அந்த நாட்டு அரசு வாங்கும் வரிக்குச் சுங்க வரி என்று பெயர். ஆங்கிலத்தில் ‘டாரிஃப்’ என்பார்கள். பத்திரிகைகளிலும் அந்தச் சொல் வருகிறது. ஆனால் சுங்கம் என்ற சொல் நமக்குப் புதியது அல்ல. முதலாம் குலோத்துங்க சோழனுக்கு ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. சுங்கத்தை நீக்கியதற்காக ஒரு ராஜாவின் பெயர் ஒன்பது நூறு ஆண்டுகளாக நினைவில் இருக்கிறது. அப்படியானால் அந்தக் காலத்து வணிகரையும் மக்களையும் சுங்கம் எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்!

திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. அன்று இது திருவிதாங்கூர் என்ற தனி நாட்டின் தலைநகர். நாகர்கோவிலைத் தாண்டினால் ஆரல்வாய்மொழி. இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய். (மலைக் கணவாயைச் சொல்கிறேன், மீனை அல்ல.) அதற்கு அப்பால் திருநெல்வேலிச் சீமை, வெள்ளைக்காரர் ஆட்சி. அரிசி வண்டியோ துணி மூட்டையோ எல்லையைத் தாண்ட வேண்டுமானால் சாவடியில் நிற்க வேண்டும். சோதனை நடக்கும். சுங்கம் கட்ட வேண்டும். கட்டிய வியாபாரி அதைச் சும்மா விடுவாரா? சாலைத் தெருவில் அரிசி விலையில் அதைச் சேர்த்துவிடுவார்.

1865ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி, பிரிட்டிஷ் இந்தியா ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சில சரக்குகள் நீங்கலாக, தமக்குள் தரைவழியாகப் போய்வரும் சரக்குகளுக்குச் சுங்கத்தை நீக்கிக்கொண்டன. அப்போது திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர் டி. மாதவராவ், கும்பகோணத்தில் பிறந்தவர். தலைமைச் செயலகத்துக்கு எதிரே சிலையாக நிற்கிறாரே, அவர்தான். ‘ஸ்டாச்சு ஜங்ஷன்’ என்று பஸ் கண்டக்டர் கூவுவது அவர் சிலையைச் சொல்லித்தான்.

இன்று ஆரல்வாய்மொழியில் நாட்டு எல்லை இல்லை. ஆனால் நம் இறாலும் மிளகும் முந்திரியும் போகிற ஊர்களின் துறைமுகங்களில் சாவடி இருக்கிறது. அது அமெரிக்கத் துறைமுகத்தில் இருக்கலாம், ஐரோப்பாவில் இருக்கலாம், துபாயிலும் இருக்கலாம். சரக்கு அதைத் தாண்டினால்தான் அந்த ஊர்க் கடைக்குப் போகும்.

கட்டுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர்

இந்தியா 2024-25ஆம் ஆண்டில் ஏறத்தாழ 17 லட்சம் டன் கடல் உணவை ஏற்றுமதி செய்தது. அதற்குக் கிடைத்த பணம் 62,408 கோடி ரூபாய். இதில் பெரும்பகுதி உறைய வைத்த இறாலால் வந்தது. இந்தச் சரக்கை அதிகமாக வாங்கிய நாடு அமெரிக்கா. பணக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேதான் போனது.

அமெரிக்காவுக்குப் போவது பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த வனாமி இறால். ஆந்திராவில்தான் அது மிக அதிகம் விளைகிறது. கேரளக் கம்பெனிகளும் ஆந்திராவிலிருந்து லாரியில் இறாலை வரவழைக்கின்றன. இங்கே உரித்து, சுத்தம் செய்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுகின்றன. அக்காவின் ஷெட்டுக்கு வரவேண்டிய லோடும் அதுதான்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பெட்டி இறாலின் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2025 தொடக்கத்தில் இந்திய இறாலுக்கு அமெரிக்காவில் இரண்டு சிறிய வரிகள் இருந்தன. இரண்டும் சேர்ந்து நூற்றுக்கு 8 டாலர் 26 சென்ட். ஆகவே அந்தப் பெட்டி சாவடியைத் தாண்டும்போது 108 டாலர் சில்லறை ஆனது.

2025 ஏப்ரலில் அதன் மேல் 10 ஏறியது. ஆகஸ்ட் 7ஆம் தேதி அந்த 10 என்பது 25 ஆனது. ஆகஸ்ட் 27ஆம் தேதி இன்னும் ஒரு 25 சேர்ந்து 50 ஆனது. ரஷ்யாவிடம் இந்தியா எண்ணெய் வாங்குவதே இரண்டாவது 25க்குக் காரணம் என்று அமெரிக்க அரசு சொன்னது. எண்ணெய்க்கும் இறாலுக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள். சுங்கத்தில் இப்படியும் நடக்கும். பழைய வரிகளையும் சேர்த்தால் மொத்தம் நூற்றுக்கு 58 டாலர் 26 சென்ட். 100 டாலர் பெட்டி 158 டாலருக்கு மேல் போய்விட்டது.

இந்த வரியைச் சாவடியில் கட்டுபவர் அமெரிக்காவில் சரக்கை வாங்கும் இறக்குமதியாளர். (சில ஒப்பந்தங்களில் நம் ஏற்றுமதிக் கம்பெனியே வரியையும் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கும். அப்போது அடி நேராகவே விழும்.) கட்டியவர் என்ன செய்வார்? அவருக்கு இரண்டு வழி. கடையில் விலையை ஏற்றலாம். ஆனால் விலை ஏறினால் அந்த ஊர்க் குடும்பம் இறாலை விட்டுக் கோழிக்கறி வாங்கிப் போய்விடும். இன்னொரு வழி, கொச்சிக்கு போன் போடுவது. “விலையைக் குறை. இல்லாவிட்டால் சரக்கு வேண்டாம்” என்பார்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? அங்கே பழைய 108 டாலருக்கே பெட்டி கிடைக்க வேண்டுமானால், இங்கே 100 டாலர் பெட்டியை 68 டாலர் சில்லறைக்குத் தர வேண்டும். அதன் மேல் 58 சதவீத வரி ஏறக்குறைய 40 டாலர். கூட்டிப் பாருங்கள், 108 வரும்.

முழுவதையும் ஒருவரே தாங்குவதில்லை. அங்கே கொஞ்சம் விலை ஏறும், இங்கே கொஞ்சம் விலை இறங்கும். ஏற்றுமதிக் கம்பெனி தன் பங்கை எங்கே இறக்கி வைக்கும் என்பதுதான் நமக்கு முக்கியம். கப்பல் கூலி குறையாது. ஐஸ், கரண்ட், அட்டைப்பெட்டி எதுவும் குறையாது. வங்கி வட்டியும் குறையாது. குறைக்கக் கூடியது இரண்டுதான். ஒன்று, குளத்தில் இறால் வளர்ப்பவருக்குத் தரும் விலை. மற்றொன்று, ஷெட்டுக்கு வரும் லோடு. குளத்துக்காரர் தீவனத்துக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும். ஷெட்டில் உரிப்பவருக்கு, உரித்த அளவுக்குத்தான் கூலி. லோடு இல்லையென்றால் கூலி இல்லை. இறக்குமதியாளர் சுமையை ஏற்றுமதியாளரிடம் தள்ளினார். ஏற்றுமதியாளர் வியாபாரியிடம் தள்ளினார். அக்கா யாரிடம் தள்ளுவார்?

பக்கத்துக் கடைக்காரனுக்கு எவ்வளவு?

வரி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் இத்தனை வேதனை இல்லை. எல்லார் இறாலும் விலை ஏறும், அவ்வளவுதான். ஆனால் சுங்கத்தை நாட்டுக்கு நாடு வேறுபடுத்திப் போடலாம்.

இதே 2025 ஆகஸ்டில் எக்வடார் நாட்டுக்கு அமெரிக்கா போட்ட புதிய வரி 15. இந்தோனேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் 19. வியட்நாமுக்கு 20. நமக்கு 50. எக்வடார் தென் அமெரிக்காவில் உள்ள சின்ன நாடு. ஆனால் இறால் வளர்ப்பில் பெரிய நாடு. அமெரிக்காவுக்கு நம்மைவிட மிகப் பக்கமும் கூட. சாலைத் தெருவில் அடுத்தடுத்து இரண்டு கடைகள் இருக்கின்றன. ஒரு கடைக்கு 15 ரூபாய் வரி, அடுத்த கடைக்கு 50 ரூபாய் வரி. வாங்குகிறவர் எந்தக் கடைக்குப் போவார்? சரக்கின் தரம் பிறகுதான்.

ஒரு சந்தை இப்படி மூடிக்கொண்டால், கம்பெனிகள் சரக்கை வேறு சந்தைக்குத் திருப்பப் பார்க்கும். சீனா, ஜப்பான், ஐரோப்பா என்று தேடும். எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே போய் நின்றால் அங்கேயும் விலை இறங்கும். அமெரிக்காவுக்கு ஒரு கிலோ கூட அனுப்பாத கடற்கரையில், கடலில் பிடித்த இறாலின் ஏலத்திலும் அதனால் கேள்வி குறையலாம். தொடாத நெருப்பு சுடுவது போலத்தான்.

அதே ஆண்டு நவம்பரில் ஒரு வேடிக்கை நடந்தது. மிளகு, ஏலம், மஞ்சள், தேயிலை, காப்பி, முந்திரிப் பருப்பு போன்ற பொருள்களை அந்த நாட்டுக்கு நாடு போட்ட வரியிலிருந்து அமெரிக்காவே விலக்கியது. நம்மீது இரக்கம் வந்து அல்ல. அங்கே மளிகை விலை ஏறி மக்கள் முணுமுணுத்தார்கள். மிளகும் ஏலமும் அந்த நாட்டில் விளைவதில்லை. வரி போட்டால் சொந்த நாட்டு ஜனங்கள்தான் அதிகம் கொடுக்க வேண்டும். ஆனால் இறாலை விலக்கவில்லை. ஏன்? அமெரிக்காவின் தெற்குக் கடற்கரையில் இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஓட்டு இருக்கிறது.

இந்த விகிதங்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. ஓர் ஆண்டிலேயே மூன்று முறை மாறியதைப் பார்த்தோம். கொச்சியில் ஏற்றிய பெட்டி அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகலாம். விலை பேசியது ஒரு வரியை வைத்து, இறங்கும்போது இருப்பது வேறு வரி என்று ஆனால் வியாபாரி எப்படி விலை பேசுவார்? அதிக வரியைவிட நிச்சயமில்லாத வரி கெட்டது என்று ஏற்றுமதியாளர்கள் சொல்வதுண்டு. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. அதிக வரிக்காவது கணக்குப் போடலாம்.

சுனாமி வந்த மாதங்களில் வந்த வரி

அமெரிக்க இறால் மீனவர்களின் குறை புதிது அல்ல. 2003ஆம் ஆண்டின் கடைசி நாளில் அவர்கள் தங்கள் அரசிடம் ஒரு மனு கொடுத்தார்கள். இந்தியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா, எக்வடார், பிரேசில் ஆகிய ஆறு நாடுகள் இறாலை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகின்றன, தங்களால் போட்டிபோட முடியவில்லை என்பது மனு. இப்படிக் கொட்டுவதைத் தடுக்கப் போடும் வரிக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி என்று பெயர்.

விசாரணை ஓர் ஆண்டு நடந்தது. 2005 பிப்ரவரி 1ஆம் தேதி வரி உத்தரவு வந்தது. பெரும்பாலான இந்தியக் கம்பெனிகளுக்கு 10.17 சதவீதம். தேதியைக் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதிதான் சுனாமி வந்தது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கடற்கரைக் குடும்பங்கள் பிணங்களைப் புதைத்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. சுனாமியைக் காரணம் காட்டி வரியை நீக்கலாமா என்று அமெரிக்காவில் பிறகு மறுபரிசீலனையும் நடந்தது. வரி நீங்கவில்லை.

அப்போது இன்னொரு விநோதச் சட்டமும் அங்கே இருந்தது. இப்படி வசூலாகும் வரிப்பணத்தை, மனுக் கொடுத்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் சட்டம் செய்திருந்தார்கள். புகார் கொடுத்தவருக்கே அபராதப் பணம்! உலக வர்த்தக நிறுவனத்தில் இந்தியா உட்படப் பல நாடுகள் இதை எதிர்த்து வழக்கிட்டு வென்றன. பிறகு அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. வரியோடு சேர்த்து, இறால் இறக்குமதியாளர்கள் பெரிய ஈட்டுறுதியும் கட்ட வேண்டும் என்று அமெரிக்கா போட்ட கட்டளையையும் இந்தியா எதிர்த்தது. 2008இல் அதிலும் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அமெரிக்க மீனவரை வில்லனாக நினைத்துவிட வேண்டாம். அவரும் டீசல் விலை பார்க்கிறவர்தான். வலையோடு போய் வெறுங்கையோடு வருகிறவர்தான். நம் இறால் மலிவாக வந்தால் அவர் படகு கரையில் நிற்கும். அந்த நாட்டு அரசு அவரைக் காப்பாற்ற நினைப்பதில் வியப்பு இல்லை. ஆனால் அந்தச் செலவின் ஒரு பங்கு இந்தக் கரையில் இறால் உரிப்பவரின் கூலியிலிருந்து போகிறது. அதை எந்தச் சுங்கப் புத்தகத்திலும் எழுதுவதில்லை.

வரி இல்லாமலும் கதவு மூடும்

சுங்கம் பூஜ்யமாக இருந்தாலும் சரக்கு உள்ளே போய்விடும் என்று சொல்ல முடியாது.

கடலில் இழுவலை போட்டு இறால் பிடிக்கும்போது கடலாமைகளும் மாட்டிச் சாகின்றன. ஆமை தப்பிப் போக வலையில் ஒரு கம்பிச் சட்டம் பொருத்த வேண்டும். பொருத்தாத நாட்டின் கடல் இறால் வேண்டாம் என்பது அமெரிக்கச் சட்டம். இதை எதிர்த்து இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நாடுகள் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போயின. 1998இல் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. அமெரிக்கா சட்டத்தை நடத்தும் முறையைத் திருத்திக்கொண்டது, சட்டத்தை விடவில்லை. 2019இல் இந்தியக் கடல் இறாலுக்கு அந்தக் கதவு மூடியது. கேரளத்தில் பிடிபடும் கரிக்காடி, பூவாலன், நாரன் எல்லாம் கடல் இறால்கள். பண்ணை இறாலுக்கு 50 சதவீத வரி வந்தது 2025இல். கடல் இறாலுக்கு அதற்கு ஆறு ஆண்டு முன்பே வழி இல்லாமல் போயிற்று. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் வலைகளுக்கு ஏற்ற ஆமைச் சட்டத்தைச் செய்திருக்கிறது. அதைப் பொருத்தினால் கொஞ்சம் மீனும் தப்பிப் போகும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். ஆமைக்காகவும் பேச வேண்டும், படகுக்காரரின் பயத்தையும் கேட்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து காய்கறியும் பழமும் வளைகுடா நாடுகளுக்குப் போகின்றன. அந்த நாடுகளின் பொதுச் சுங்கம் 5 சதவீதம்தான். பல உணவுப் பொருள்களுக்கு அதுவும் இல்லை. அங்கே முருங்கைக்காய் வியாபாரியின் கவலை சுங்கம் அல்ல. விமானக் கூலிதான், வாடாமல் போய்ச் சேருவதுதான்.

நம் சாவடியும் ஒரு சாவடிதான்

டீக்கடைத் தம்பி இப்போது இன்னொன்று கேட்டார். “அப்போ எல்லா நாட்டிலேயும் சுங்கத்தை எடுத்துட்டா நல்லதுதானே அண்ணாச்சி?”

பெரியவர் சிரித்தார். “2009லே காந்தி ஜெயந்தி அன்னைக்கு நீ எங்கே இருந்தே? சின்னப் பையனா இருந்திருப்பே.”

அன்று, 2009 அக்டோபர் 2ஆம் தேதி, காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் ராஜ்பவன் வரை ஆட்கள் கைகோத்து நின்றார்கள். மனிதச் சங்கிலி. எதற்காக? இந்தியாவும் ஆசியான் என்ற தென்கிழக்கு ஆசிய நாடுகளும் சுங்கத்தைக் குறைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அந்த ஆகஸ்டில்தான் கையெழுத்திட்டிருந்தன. வியட்நாம் மிளகும் மலேசியப் பாமாயிலும் மலிவாக வந்து இறங்கினால் இடுக்கி மிளகு விவசாயியும் தென்னை விவசாயியும் என்ன ஆவார்கள் என்று கேரளம் கேட்டது. 2010 ஜனவரி 1ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அக்கரையில் சுங்கத்தைக் குறை என்று ஏற்றுமதியாளர் கேட்கிறார். இக்கரையில் சுங்கத்தைக் குறைக்காதே என்று விவசாயி கேட்கிறார். இருவருமே கேரளத்தார்தான். ஒரே வீட்டில் கூட இருக்கலாம்.

சில வேளை நம் சுங்கம் நம் ஏற்றுமதியாளர் காலையே வாரும். முந்திரியைப் பாருங்கள். கொல்லத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் முந்திரி ஆலைகளில் தோடு உடைத்து, தோல் நீக்கி, பருப்பைப் பிரிக்கிறார்கள். அந்தப் பச்சைக் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. 2016 மத்திய பட்ஜெட்டில் பச்சைக் கொட்டைக்கு 5 சதவீதச் சுங்கம் போட்டார்கள். வேறு வரியும் சேர்ந்து அது 9.36 சதவீதம் ஆனது. வியட்நாம் ஆலைகளுக்கு அப்படி ஒரு சுமை இல்லை. அவர்களிடம் இயந்திரமும் அதிகம். ஏற்றுமதி செய்தால் வரிச் சலுகை பெறத் திட்டங்கள் உண்டு. ஆனால் சின்ன ஆலைக்காரர் அந்தக் காகிதங்களோடு அலைய வேண்டும். கொல்லத்தில் பல ஆலைகள் மூடின. இந்த வரி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். இருந்த காயத்தில் இது உப்பு. 2018 பட்ஜெட்டில் 5 என்பது 2.5 ஆகக் குறைந்தது.

ஆகவே சுங்கம் என்பது கொடுத்து வாங்கும் பேரம். “உன் மதுவுக்கு நான் குறைக்கிறேன், என் இறாலுக்கு நீ குறை” என்று நாடுகள் பேசும். 2025 ஜூலை 24ஆம் தேதி இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இப்படிப்பட்டதே. பிரிட்டிஷ் விஸ்கிக்கும் காருக்கும் நாம் சுங்கத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டோம். இறால் உட்பட நம் பல பொருள்களுக்கு அவர்கள் சுங்கத்தை நீக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தப் பேச்சுகள் டில்லியில் நடக்கும், லண்டனில் நடக்கும். மேசையில் இறால் உரிக்கும் அக்கா இருக்க மாட்டார். அவருக்காகப் பேசுவோர் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

பெட்டியின் எண்

ஏற்றுமதி ஆகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. உலகம் முழுக்க முதல் ஆறு இலக்கமும் ஒன்றே. சாவடியில் அதிகாரி முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். உரித்து உறைய வைத்த பச்சை இறால் என்றால் எண் 0306 என்று தொடங்கும். அதே இறாலை மாவில் தோய்த்து, ரொட்டித்தூள் பூசி, பொரிக்கத் தயாராகச் செய்தால் எண் 1605 ஆகிவிடும்.

நாலு இலக்கம் மாறுவதில் என்ன இருக்கிறது? ஐரோப்பாவின் பொதுச் சுங்கப் பட்டியலில் 0306 உறைந்த இறாலுக்கு 12 சதவீதம். 1605 இறாலுக்கு 20 சதவீதம். சலுகை ஒப்பந்தம் உள்ள நாட்டுக்கு இதைவிடக் குறையும். காப்பியும் இப்படித்தான். வறுக்காத பச்சைக் கொட்டைக்கு ஐரோப்பாவில் சுங்கம் இல்லை. வறுத்தால் 7.5 சதவீதம்.

நன்றாகக் கவனியுங்கள். நாம் எவ்வளவு அதிகம் வேலை செய்து அனுப்புகிறோமோ, அவ்வளவு அதிகம் சுங்கம். “பச்சையாகவே அனுப்பு. வறுப்பதையும் பொரிப்பதையும் நாங்கள் செய்துகொள்கிறோம்” என்று அந்தச் சாவடி சொல்கிறது. வறுக்கும் வேலையில்தான் லாபம் அதிகம். கூலியும் அதிகம் கிடைக்கும். அது அங்கேயே தங்கிவிடுகிறது. வயநாட்டுக் காப்பி மூட்டையாகவே கப்பலேறுவதற்கும், நம் ஷெட்டுகளில் உரிக்கும் வேலையோடு நின்றுபோவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

டீக்கடையில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா யோசித்தார்.

“எங்க அட்டைப்பெட்டியில் நீளமா ஒரு நம்பர் அடிச்சிருக்கும் அண்ணாச்சி. இத்தனை வருஷமா ஒட்டுறோம். ஏதோ கம்பெனி நம்பர்னு நினைச்சேன்.”

“எப்படித் தொடங்கும்?”

“பூஜ்யம். அப்புறம் மூணு.”

“அதுக்கப்புறம்?”

“இன்னொரு பூஜ்யம். ஆறுன்னு நினைக்கேன். லோடு வரட்டும், பார்த்துச் சொல்லுதேன்.”